கொலை வழக்கு விசாரணையைத் திரையில் நம்பும்படி காட்டுவது எப்படி?

கேள்வி: க்ரைம் தொடர் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதுகிறேன். கதையில் பாதி செஷன்ஸ் கோர்ட்டில், ஒரு கொலை வழக்கில் நடக்கிறது. இப்போது வரும் தொடர்களில் கோர்ட்டையும் வக்கீல்களையும் காட்டும் விதத்தில் எது சரி, எது தப்பு? நான் எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லோரும் சொல்லும் தப்புகளை முதலில் முடித்துவிடுவோம். இந்தியாவில் நீதிபதி மேசையில் சுத்தியல் கிடையாது. சாட்சி எந்தப் புனித நூலின் மீதும் கை வைப்பதில்லை. 1969-ம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டப்படி கடவுள் பெயரால் சொல்லலாம், கடவுள் வேண்டாம் என்பவர் மனப்பூர்வமாக உறுதி கூறலாம். கோர்ட் ஊழியர் சொல்லித்தர, சாட்சி திருப்பிச் சொல்ல, பத்து நொடியில் முடிந்துவிடும். ஜூரி 1973-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முழுக்கப் போய்விட்டது. மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்குதான் கடைசி ஜூரி வழக்கு என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. 1959-ல் பம்பாய் ஜூரி 8-க்கு 1 என்று விடுதலை சொல்ல, செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் ஐகோர்ட்டுக்கு அனுப்பினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் சில இடங்களில் ஜூரி இருந்தது.

இதெல்லாம் ஆர்ட் டைரக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும். திரைக்கதையில் வரும் தப்பு வேறு. வக்கீல் ஆவேசமாகப் பேசுகிறார், கோர்ட்டே அமைதியாகிறது, நீதிபதி முகம் மாறுகிறது, கேஸ் திரும்புகிறது. நம் விசாரணை நீதிமன்றங்களில் கேஸ் அப்படித் திரும்பாது. தீர்ப்பு எழுதும்போது நீதிபதி கையில் இருப்பது கேஸ் கட்டு. சாட்சி என்ன சொன்னதாக டைப் ஆகியிருக்கிறதோ அதுதான் சாட்சியம். சாட்சியம் பதிவாகும்போது இருந்த நீதிபதி மாற்றலாகிப் போய், சாட்சியின் முகத்தையே பார்க்காத வேறொருவர் தீர்ப்பு எழுதுவதும் சாதாரணம். இதைப் புரிந்துகொண்டு எழுதினாலே உங்கள் கோர்ட் காட்சிகள் வேறு ஆகிவிடும்.

பதிவு எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் பார்ப்போம். தமிழ்நாட்டு செஷன்ஸ் கோர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் கேட்கிறார்: "சம்பவம் நடந்தப்போ தெருவிளக்கு எரியல, சரிதானே?" சாட்சி: "இல்லைங்க, எரிஞ்சுது." நீதிபதி இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாக்கி டைப்பிஸ்டுக்குச் சொல்கிறார்: "சம்பவ நேரத்தில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் சரியல்ல." கேள்வி-பதிலாகவே பதிவு செய்ய நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வழக்கமாக இப்படிக் கதை நடையில்தான் பதிவாகும். குறுக்கு விசாரணையின் கடைசி வரி பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: "நான் சம்பவத்தைப் பார்க்கவில்லை என்றும், போலீசார் சொல்லிக்கொடுத்தபடி பொய்யாகச் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல." இந்தக் கேள்வியைக் கேட்பதால் சாட்சி உடைந்துவிடுவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்தரப்பின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பின், வாதத்தைச் சாட்சியிடம் போட்டு மறுக்க வைக்க வேண்டும். போடாமல் விட்டால், கடைசி வாதத்தில் "அந்தச் சாட்சியிடம் இதை ஏன் கேட்கவில்லை?" என்று பி.பி. (அரசு வக்கீல்) மடக்கிவிடுவார்.

ஆகவே உண்மையான குறுக்கு விசாரணையின் வேகம் கேள்வி, பதில், டிக்டேஷன், கீபோர்டு சத்தம், பிறகு அடுத்த கேள்வி. கத்திக்கொண்டே பத்துக் கேள்வி கேட்க முடியாது. சண்டை வருவது பெரும்பாலும் டிக்டேஷனில். சாட்சி "ஞாபகம் இல்லை" என்றிருப்பார், பதிவில் "எனக்குத் தெரியாது" என்று விழும். வக்கீல் உடனே எழுந்து, "ஐயா, அவர் தெரியாதுன்னு சொல்லல, ஞாபகம் இல்லைன்னார்" என்பார். பி.பி. எதிர்ப்பார். நீதிபதி சாட்சியையே மறுபடி கேட்பார். இந்த ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் போகும். அப்பீலில் அந்த ஒரு சொல் ஒரு முழுப் பத்தி ஆகலாம். நல்ல இயக்குநர் கையில் இது ஆவேச வசனத்தைவிட நன்றாக வரும்.

'அப்ஜெக்ஷன்... சஸ்டெய்ன்ட்' என்பதும் அத்தனை சுறுசுறுப்பாக நடப்பதில்லை. ஓர் ஆவணத்தைச் சான்றாக ஏற்கலாமா என்ற ஆட்சேபணையைக் குறித்துவைத்துக்கொண்டு, ஆவணத்துக்குத் தற்காலிகமாக எண் கொடுத்து, தீர்ப்பின்போது முடிவு செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2001-ல் பிபின் சாந்திலால் பஞ்சால் வழக்கில் வழி சொன்னது. ஒவ்வோர் ஆட்சேபணைக்கும் நின்று உத்தரவு போட்டால் விசாரணை நகராது என்பதுதான் அப்போது சொன்ன காரணம். 2021-ல் அதே கோர்ட், அந்த வழி கட்டாயமில்லை, கேள்வி மீதான ஆட்சேபணையை அப்போதே, முடியாவிட்டால் அந்தச் சாட்சியம் முடியும்போது முடிவு செய்ய வேண்டும் என்றது.

அடுத்தது முரண்பாடு. பொய்ச் சாட்சியை வக்கீல் அங்கேயே, அந்த நிமிடமே அம்பலப்படுத்துவதாகத் தொடர்களில் காட்டுகிறார்கள். நிஜத்தில் அதற்கு இரண்டு படி உண்டு, நடுவே மாதக்கணக்கில் இடைவெளியும் உண்டு. போலீஸ் விசாரணையில் சாட்சி சொன்னதை விசாரணை அதிகாரி எழுதி வைத்திருப்பார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 161, இப்போதைய புதிய சட்டத்தில் 180. அதில் சாட்சியின் கையெழுத்து இருக்காது, சட்டமே கையெழுத்து வாங்கக்கூடாது என்கிறது. கூண்டில் ஏறிய சாட்சி, "எதிரி கத்தியால் இடது மார்பில் குத்தியதை டீக்கடை வாசலில் நின்று பார்த்தேன்" என்கிறார். (குற்றம் சாட்டப்பட்டவரைத்தான் கோர்ட்டில் 'எதிரி' என்பார்கள்.) போலீசிடம் சொன்னதில் டீக்கடையே இல்லை. வக்கீல் கேட்கிறார்: "டீக்கடை வாசல்ல நின்னு பார்த்ததா போலீஸ் விசாரணையில சொன்னீங்களா?" "சொன்னேன்." அது பதிவாகிறது. அவ்வளவுதான், சாட்சி இறங்கிப் போய்விடுகிறார். பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பல மாதம் கழித்து, பெரும்பாலும் கடைசி சாட்சியாக, விசாரணை அதிகாரியான இன்ஸ்பெக்டர் ஏறுவார். அப்போது வக்கீல்: "அ.சா.2 (அரசுத் தரப்பு சாட்சி 2) டீக்கடை வாசலில் நின்று பார்த்ததாக உங்கள் விசாரணையில் சொன்னாரா?" "சொல்லவில்லை." இந்தச் சின்ன 'சொல்லவில்லை'யில்தான் முரண்பாடு நிரூபணம் ஆகிறது. முக்கியமான விடுபடல் முரண்பாட்டுக்குச் சமம் என்பது 1959-ம் ஆண்டு தஹசில்தார் சிங் வழக்கிலிருந்து வருவது. இரண்டாம் எபிசோடில் கேட்ட கேள்விக்கு ஏழாம் எபிசோடில் பதில் வருகிற அமைப்பு இது. இதைப் பயன்படுத்தாமல் ஏன் விடுகிறார்கள் என்பது எனக்குப் புரிவதே இல்லை.

பிறழ் சாட்சி, அதாவது தன்னை அழைத்த தரப்புக்கு எதிராக மாற்றிச் சொல்பவர், வரும் காட்சியும் அடங்கியே நடக்கும். "எனக்கு எதுவும் தெரியாது, போலீசார் என்னை விசாரிக்கவில்லை" என்று இரண்டு வரி. பி.பி. பிறழ் சாட்சியாகக் கருத அனுமதி கேட்டுத் தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்வார். அவர் பிறழ்ந்ததால் சாட்சியம் முழுக்க அழிந்துவிடாது, நம்பத் தகுந்த பகுதியைக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். ஏன் பிறழ்கிறார் என்பதற்கும் எப்போதும் மிரட்டல்தான் காரணம் என்று காட்ட வேண்டியதில்லை. முதல் விசாரணை (சாட்சியை அழைத்த தரப்பே கேட்பது) இன்று, குறுக்கு விசாரணைக்கு வாய்தா, பிறகு சாட்சியைத் திரும்ப அழைக்க மனு என்று இழுத்தால் போதும், இடையில் ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். 2015-ல் வினோத் குமார் வழக்கில், முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவே 20 மாதம் போனதை சுப்ரீம் கோர்ட் கடுமையாகக் கண்டித்தது.

எதிர்தரப்பு வக்கீல் ஜெயிக்கும் இடங்கள் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக் காகிதங்களில் கிடக்கும். கொலை வழக்கில் எஃப்.ஐ.ஆர். பதிவானதும் அசல் புகாரோடு மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போக வேண்டும். ஒரு கான்ஸ்டபிள் கையில் கொண்டுபோவார், இரவானால் வீட்டுக்கே. மாஜிஸ்ட்ரேட் வாங்கிய தேதி, நேரம் குறித்துக் கையெழுத்திடுவார். இரவு 9 மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் எஃப்.ஐ.ஆர்., இரண்டு தெரு தள்ளியிருக்கும் மாஜிஸ்ட்ரேட்டிடம் மறுநாள் பகல் 11 மணிக்குத்தான் சேர்ந்திருந்தால், அந்த 14 மணி நேரத்தில் யார் பெயர் சேர்ந்தது, யார் பெயர் விடுபட்டது என்ற கேள்வி தானாக எழும். தாமதத்துக்கு நல்ல விளக்கம் இருந்தால் கேஸ் விழாது, இல்லாவிட்டால் ஆட்டம் காணும். அந்தக் கான்ஸ்டபிளையும் சாட்சியாக விசாரிப்பார்கள். எந்தத் தொடரிலும் அவருக்கு ஒரு காட்சிகூடக் கிடைப்பதில்லை. அதே போல பிரேத விசாரணை அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம். தெருவிளக்கு வரைபடத்தில் இருக்கிறதா, சாட்சி நின்ற இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா? பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் இரைப்பையில் உணவு எந்த நிலையில் இருந்தது, காயம் இந்தக் கத்தியால் ஏற்பட்டிருக்க முடியுமா, கத்தியை உங்களிடம் காட்டினார்களா என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு 'காட்டவில்லை' என்று பதில் வருவது அபூர்வம் இல்லை.

ஒப்புதல் வாக்குமூலம் தொடர்களில் மிக மோசமாகக் கையாளப்படும் விஷயம். ஸ்டேஷனில் எதிரி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் கதை முடிந்தது என்று காட்டுகிறார்கள். போலீசிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டம் 25, புதிய சட்டத்தில் 23. அதை வீடியோ எடுத்திருந்தாலும் அதே கதிதான். செல்லுபடியாவது, அந்த வாக்குமூலத்தால் புதிதாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகச் சேர்ந்த துண்டு மட்டும். "அழைத்துச் சென்றால் கத்தியை மறைத்த இடத்தைக் காட்டுகிறேன்" என்ற வரி உள்ளே வரும், "அந்தக் கத்தியால்தான் குத்தினேன்" வெளியே நிற்கும். 1946-ல், அன்றைய உச்ச அப்பீல் அமைப்பான லண்டன் பிரிவி கவுன்சில் புலுக்குரி கோட்டய்யா வழக்கில் போட்ட கோடு இன்றும் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த வாக்குமூலத்துக்கும் கத்தி எடுத்ததற்கும் சாட்சி வழக்கமாக வி.ஏ.ஓ.வும் (கிராம நிர்வாக அலுவலர்) அவருடைய உதவியாளரும். இடம் பெரும்பாலும் ஒரு முள்புதர். 'எதிரி தானாகவே வி.ஏ.ஓ. முன் ஆஜராகிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று வரும் கேஸ்களில் எதிர்தரப்பின் முதல் கேள்வியே, முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் ஒருவன் ஏன் போய் மனம் திறக்க வேண்டும் என்பதுதான். மாஜிஸ்ட்ரேட் முன் கொடுக்கும் ஒப்புதல் செல்லும். ஆனால் இது உனக்கு எதிராகப் பயன்படும், நீ சொல்லியே ஆக வேண்டியதில்லை என்று எச்சரித்து, யோசிக்க அவகாசம் கொடுத்த பிறகே அவர் எழுதுவார். உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ எல்லாம் சம்மதமில்லாமல் செய்ய முடியாது என்று 2010-ல் செல்வி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

கதை நடக்கும் தேதியைப் பாருங்கள். தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலான புதிய மூன்று சட்டங்கள் 1 ஜூலை 2024-ல் அமலுக்கு வந்தன. 2022-ல் நடந்த கொலைக்கு இன்று தீர்ப்பு வந்தாலும் குற்றப் பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-தான், 2025-ல் நடந்த கொலை என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 103. புதிய நடைமுறையில் சோதனை, கைப்பற்றுதலை ஆடியோ-வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும். அதனால் 2025-ல் நடக்கும் முள்புதர் காட்சியில் ஒரு போலீஸ்காரர் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். 'போன் சார்ஜ் போயிடுச்சு' என்பதே ஒரு கதை முடிச்சு.

கடைசி நிமிடத்தில் வக்கீல் பென் டிரைவோடு ஓடி வருவது நடக்காது. அரசுத் தரப்பு நம்பும் ஆவணங்களின் நகல் விசாரணைக்கு முன்பே எதிரிக்குக் கொடுத்திருக்க வேண்டும். எலக்ட்ரானிக் பதிவு என்றால், அசல் கருவியே கோர்ட்டுக்கு வராதபோது, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்கு இணையான சான்றிதழ் வேண்டும். 2014-ல் அன்வர் வழக்கிலும் 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் இது உறுதியானது. சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுவார்? அந்த சிசிடிவி இருக்கும் கடைக்காரர் கூண்டுக்கு வர ஒப்புக்கொள்வாரா? எதிர்பாராத சாட்சி வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு: மனு போடுவது, மறுதரப்பு பதில் மனு, வாதம், உத்தரவு, பிறகு சம்மன். குறைந்தது இரண்டு வாய்தா. திடீர் என்பதற்கு இங்கே இடம் இல்லை, பதற்றத்துக்கு நிறைய இடம் உண்டு.

வக்கீலே துப்பறிவாளராகி, குப்பைத்தொட்டியிலிருந்து ரத்தக்கறைச் சட்டையை எடுப்பதும் சிக்கல். எடுத்தவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். வக்கீல் சாட்சியானால் அந்த வழக்கை அவர் நடத்தக் கூடாது என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. எதிர்தரப்பு வக்கீல் உண்மையான கொலைகாரனைக் கண்டுபிடிக்கவே வேண்டாம், நியாயமான சந்தேகம் எழுப்பினால் போதும். பாதிக்கப்பட்டவர் தரப்பில் பெரிய வக்கீலை வைத்து கேஸ் நடத்துவதாகக் காட்டுகிறார்கள். செஷன்ஸ் கோர்ட்டில் கேஸ் நடத்துவது பி.பி. மட்டுமே. தனியார் வக்கீல் அவருக்கு உதவலாம், கோர்ட் அனுமதித்தால் எழுத்துப்பூர்வமாக வாதம் கொடுக்கலாம். அரசு சிறப்பு பி.பி.யாக நியமித்தால் மட்டும் கதை வேறு. அந்த பி.பி.யையும் வில்லனாக்க வேண்டாம். ஒரு கோர்ட்டின் கட்டு முழுவதும் அவர் தலையில், சாட்சியை அவர் முதல்முறை பார்ப்பதே அன்று காலை பத்தேகாலுக்கு வராந்தாவில் என்பது நடப்பு. ஜெயித்தால் பங்கு என்று வக்கீல் ஃபீஸ் பேசுவது விதிப்படி தப்பு, விளம்பரமும் அப்படியே. கவுன் ஐகோர்ட்டிலும் சுப்ரீம் கோர்ட்டிலும்தான் கட்டாயம், கீழ்க் கோர்ட்டில் விருப்பம். வக்கீல் வைக்க வசதி இல்லாத எதிரிக்கு அரசு செலவில் வக்கீல் கொடுத்தாக வேண்டும். ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்கில் அப்படி நியமிக்கப்படுபவருக்கு 10 ஆண்டு அனுபவமும், கட்டைப் படிக்க பொதுவாகக் குறைந்தது 7 நாளும் வேண்டும் என்று 2019-ல் அனோக்கிலால் வழக்கில் சொல்லப்பட்டது. நேற்று என்ரோல் ஆன இளம் வக்கீல் தனியாக இலவசமாகக் கொலை வழக்கு நடத்தும் கதைக்கு இது இடிக்கும். குடும்பம் தானே அமர்த்தியதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜாமீன் காட்சியை மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் வைக்காதீர்கள். கொலைக்கு அங்கே வழக்கமாகக் கிடைக்காது, செஷன்ஸ், பிறகு ஐகோர்ட். ஆனால் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் எதிரியின் உரிமை. மனு போடுவதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். 91-ம் நாள் காலை ஒரு பக்கம் வக்கீலின் ஜூனியர் மனுவோடும், இன்னொரு பக்கம் ஸ்டேஷன் ரைட்டர் குற்றப்பத்திரிகையோடும் கோர்ட் வராந்தாவில் ஓடுவது நடக்கக்கூடிய த்ரில்லர். தமிழ்நாட்டில் இன்னொரு அடுக்கும் உண்டு: எதிரி மீது 1982-ம் ஆண்டு குண்டர் சட்டத்தில் தடுப்புக்காவல் உத்தரவு போட்டுவிட்டால், ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வர முடியாது, அதிகபட்சம் 12 மாதம்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட மாவட்ட கோர்ட்டில் போய் உட்காருவது மேல். பாலியல் குற்ற வழக்குகள் போன்றவை தவிர மற்ற விசாரணைகளுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். போனை அணைத்துவிட்டுப் பின் பெஞ்சில் உட்காருங்கள். காலை 10.30-க்கு அழைப்பு ஆரம்பிக்கும். பெயர் கூப்பிட, 'ஹாஜர்' என்று குரல் வர, வராதவர்களுக்கு '317 பெட்டிஷன்' (அன்று வராமலிருக்க அனுமதி கேட்கும் மனு) என்று வக்கீல் நீட்ட, ஐம்பது அறுபது கேஸ் அடுத்த தேதிக்குப் போகும். அதற்குப் பிறகுதான் சாட்சி. புதிய சட்டத்தில் அந்த எண் 355 ஆகிவிட்டது, ஆனாலும் பலர் வாயில் இன்னும் 317-தான் வருகிறது. கோர்ட் வழக்கு விவரங்கள் வரும் இகோர்ட்ஸ் தளத்தில் ஒரு கொலை வழக்கின் வாய்தா வரலாற்றைத் திறந்து, எந்தத் தேதியில் எதற்காகத் தள்ளிப்போனது என்று பார்த்தாலே ஒரு சீசனின் காலக்கோடு கிடைத்துவிடும்.

கடைசி எபிசோடுக்கு இரண்டு குறிப்பு. எதிரியைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் காட்சி, அவரே எழுதிக்கொடுத்துத் தன் சாட்சியாக வந்தால் மட்டுமே நடக்கும், அது மிக அபூர்வம். வழக்கமாக நடப்பது, சாட்சியம் முடிந்தபின் நீதிபதி ஒவ்வொரு பாதகமான அம்சத்தையும் எதிரிக்குச் சொல்லிக் கேட்பது. சத்தியம் கிடையாது, 'பொய் சாட்சி', 'தெரியாது' என்று பதில்கள் வரிசையாக விழும். தன் மீதான சாட்சியத்தைப் பற்றி எதிரி பேசும் இடம் பெரும்பாலும் இதுதான், நடிகருக்கு நல்ல வாய்ப்பு. தீர்ப்பும் வாதம் முடிந்த கையோடு வராது, தேதி போடுவார்கள். குற்றவாளி என்று சொன்னபின் தண்டனை பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். 'வயசான அம்மா இருக்காங்க, தம்பி படிக்கிறான்' போன்றவை அப்போதுதான் பதிவாகும். மரண தண்டனை என்றால் ஐகோர்ட் உறுதி செய்யாமல் நிறைவேறாது, எதிரி அப்பீல் போட 30 நாள். ஆயுள் என்றால் 60 நாள். தீர்ப்பு நகல் எதிரிக்கு உடனே, இலவசமாக.